வீட்டில் டாகா (கஞ்சா) செடி வளர்க்கலாம் என்கிறார்கள், அம்மாவுக்கு மருந்தை எங்கே வாங்குவது?

மல்லி_சாட்ஸ்வர்த்
ஞாயிறு, இரவு 10.20

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. கோயில் ஆட்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து வெளியே பேச வேண்டாம்.

அம்மாவுக்கு வயது 67. மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில் அரசு மருத்துவமனைதான். அப்பா இருந்தவரை மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தது, அவர் போனபிறகு கட்ட முடியாமல் விட்டுவிட்டோம். கீமோ ஏறிய மறுநாளிலிருந்து நான்கு நாள் அம்மா வயிற்றில் எதுவும் நிற்காது. ரசம் சாதத்தைக் குழையக் கரைத்துக் கொடுத்தாலும் வெளியே வந்துவிடும். கறிவேப்பிலை தாளிக்கிற வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். அதனால் ஒரு மாதமாகப் பக்கத்து வீட்டு அக்கா அடுப்பில்தான் சமைத்து எடுத்து வருகிறேன்.

அந்த அக்காவின் கொழுந்தனார் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். கட்டைவிரல் உயரம், பழுப்புக் கண்ணாடி, மூடியிலேயே சொட்டுக்குழாய். லேபிள் எதுவும் கிடையாது. மூடியைச் சுற்றி வெள்ளை டேப், அதில் பேனாவால் ஒரு இலை வரைந்திருந்தது. டாகா எண்ணெய். 650 ராண்ட். "நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு, ராத்திரியில" என்றார், அவ்வளவுதான்.

முதல் இரண்டு இரவும் அம்மா தூங்கினார். இரண்டாம் நாள் காலையில் தயிர் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சமையலறையில் நின்று அழுதேன். மூன்றாம் இரவு ஒரு மணி நேரம் ஆகியும் குமட்டல் அடங்கவில்லை. சரி, போதவில்லை போல என்று இன்னும் மூன்று சொட்டு விட்டேன். நள்ளிரவில் எழுந்து பார்த்தால் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். "சுவத்துக் கடிகாரம் கிட்ட கிட்ட வருது, எடுத்துடு" என்கிறார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல். கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பயம். என்ன கொடுத்தாய் என்று கேட்டால் எதைச் சொல்வது? விடிகாலை நான்கு மணிவரை அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்தது குற்றமா? டாக்டரே இதை எழுதித் தர முடியுமா? எங்களைப் போல் பணமில்லாதவர்களுக்கு முறையான வழி ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சேகர்_இசிபிங்கோ
ஞாயிறு, இரவு 10.52

தங்கச்சி, உன் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த பாட்டிலை இன்றைக்கே தூக்கிப் போடு. டாகா மருந்து என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையை இழந்தோம். இன்னொரு நாள் எழுதுகிறேன்.


இரவுப்பணி_சிஸ்டர்
திங்கள், அதிகாலை 3.15

மல்லி, நான் புற்றுநோய் வார்டில் பதினாறு வருடமாக இருக்கிறேன். வார்டில் இப்போது சத்தமில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்தது அளவு மீறிய டி.எச்.சி., டாகாவில் போதை ஏற்றும் பொருள் அதுதான். மூன்றாம் இரவு என்ன நடந்திருக்கும் என்றால், முதல் இரண்டு சொட்டே இன்னும் முழுதாக ஏறியிருக்காது. நாக்குக்கு அடியில் விட்டாலும் பாதிக்கு மேல் விழுங்கிவிடுவார்கள். வயிறு வழியாகப் போகும் எண்ணெய் ஏற ஒன்றரை மணி, சில சமயம் இரண்டு மணி நேரம் கூட ஆகும். அதற்குள் மறுபடி கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் தூக்கும். நீ தப்பான மகள் இல்லை. அந்த பாட்டிலில் இந்த விஷயத்தை எழுதி ஒட்ட யாருமில்லை, அதுதான் நடந்தது.

இனி இப்படி நடந்தால் ஆம்புலன்ஸ் எண் 10177க்குக் கூப்பிடு. என்ன கொடுத்தேன் என்பதை மறைக்காதே. நாங்கள் போலீஸ் இல்லை. நோயாளி சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு என்று சொன்னால் எங்களுக்கு வேலை சுலபம். சொல்லாவிட்டால் மாரடைப்பா, மூளையில் ரத்தக்கசிவா என்று தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் டாக்டர் மேசையில் வை. வெட்கப்படாதே. எங்கள் வார்டில் பத்துப் பேரிடம் தனியாகக் கேட்டால் சிலர் தலையணைக்கு அடியிலிருந்து இதே மாதிரி பாட்டிலை எடுத்துக் காட்டுகிறார்கள். கேட்காவிட்டால் ஒருவரும் சொல்வதில்லை.


முருகு_மருந்துக்கடை
திங்கள், காலை 8.05

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் மருந்தாளராக இருக்கிறேன். சிஸ்டர் சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

முதலில் மல்லி அக்காவின் அவசரம். எண்ணெயைப் பற்றிப் பேசும் முன் அம்மாவின் சீட்டில் குமட்டலுக்கு என்னென்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒண்டான்செட்ரான் இருக்கும், மெட்டோகுளோப்ரமைட் இருக்கலாம், கீமோ அன்று டெக்சாமெத்தசோன் ஊசி போட்டிருப்பார்கள். ஒலான்சபின் இருக்கிறதா? அது மனநலத்துக்குக் கொடுக்கும் மாத்திரைதான், ஆனால் குறைந்த அளவில் இரவில் கொடுத்தால் கீமோவுக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாள் வரும் குமட்டலை நன்றாக அடக்கும். நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. விலையும் குறைவு. தூக்கம் வரும், அம்மா வயதில் எழுந்து நடக்கும்போது கவனம் வேண்டும். மெட்டோகுளோப்ரமைடோடு சேர்த்துக் கொடுப்பதில்லை. அதனால் நீங்களாக எதுவும் செய்யாமல், "ஒலான்சபின் முயற்சி செய்யலாமா" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கூட்டம் அதிகமான கிளினிக்கில் இந்த ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம்.

இப்போது டாகாவுக்கு வருகிறேன். இது மருந்தே இல்லை என்பவர்களோடும் நான் சேரவில்லை, எல்லா நோய்க்கும் மருந்து என்பவர்களோடும் சேரவில்லை. கீமோ குமட்டலுக்கு டி.எச்.சி. வேலை செய்யும். அமெரிக்காவில் 1985லேயே ட்ரோனபினால் என்ற மாத்திரையாக அனுமதித்தார்கள், மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு கொடுப்பதற்கு. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோயில் தசை முறுக்கிக்கொள்வதற்கு நபிக்சிமால்ஸ் என்ற வாய்த்தெளிப்பு உண்டு. சில கடுமையான குழந்தை வலிப்புகளுக்கு சுத்தமான சி.பி.டி. (அதே செடியில் இருக்கும் போதை ஏற்றாத பொருள்) கரைசல் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாள்பட்ட வலிக்கு உதவுமா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒத்துப்போகவில்லை. புற்றுநோய்க் கட்டியையே கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கு மனிதர்களில் ஆதாரம் கிடையாது. அதை நம்பி கீமோவை நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். அதை எழுத இப்போது மனம் வரவில்லை.

நம் நாட்டில் டி.எச்.சி. ஷெட்யூல் 6, அதாவது கடுமையான கட்டுப்பாடுள்ள மருந்துப் பட்டியல். மார்ஃபினும் அதே ஷெட்யூல்தான். டாக்டர் சீட்டு வேண்டும், ஒரு தடவைக்கு 30 நாளுக்கு மேல் தர முடியாது, அதே சீட்டில் மறுபடி வாங்க முடியாது. பதிவாகாத மருந்து என்றால் அதற்கும் முன்னால் இன்னொரு படி இருக்கிறது. 1965ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. டாக்டர் ஒரு குறிப்பிட்ட நோயாளியின் பெயரில் சாப்ராவுக்கு (மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு ஆணையம்) விண்ணப்பம் போட வேண்டும்: என்ன நோய், இதுவரை எதைக் கொடுத்துப் பார்த்தோம், ஏன் பலிக்கவில்லை, எந்தத் தயாரிப்பு, எவ்வளவு, எத்தனை நாள். நோயாளியின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அனுமதி வந்தால் குறிப்பிட்ட காலத்துக்குத்தான், முடிந்ததும் எப்படி இருக்கிறார் என்று அறிக்கையோடு மறுபடி போட வேண்டும்.

கவனியுங்கள், விண்ணப்பம் போட வேண்டியது டாக்டர். நோயாளி போட முடியாது. ஒரு காலைக்குள் நாற்பது பேரைப் பார்க்கும் அரசு மருத்துவமனை டாக்டருக்கு அந்தப் படிவத்தை நிரப்ப நேரம் எங்கே இருக்கிறது? அனுமதி வந்தாலும், அரசு மருந்தகத்தில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதுதான் இருக்கும். மீதியை உங்கள் காசில் தனியாரிடம் வாங்க வேண்டும். வழி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மா நிற்கும் இடத்திலிருந்து அந்த வழிக்கு வந்து சேரப் படிக்கட்டு இல்லை.


அப்பா_ஃபீனிக்ஸ்
திங்கள், மதியம் 1.30

முருகு அண்ணா சொன்னதை நான் மூன்று வருடமாக அனுபவிக்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது, 20 கிலோ. லெனாக்ஸ் கஸ்டோ என்ற வலிப்பு. நாளுக்கு எட்டு, பத்து தடவை விழுவான். சைக்கிள் ஹெல்மெட் போட்டுத்தான் வீட்டுக்குள் நடக்கிறான். நான்கு மருந்து மாற்றிப் பார்த்துவிட்டார்கள். ஒருநாள் மால் கடையில் சி.பி.டி. பாட்டில் பார்த்து, சீட்டே வேண்டாம் என்றதும் ஓடிப்போய் வாங்கினேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சீட்டில்லாமல் விற்கும் சி.பி.டி.க்கு 2020இல் அரசாங்கம் வைத்த வரம்பு, நாளைக்கு 20 மில்லிகிராம், ஒரு பெட்டியில் அதிகபட்சம் 600. இந்த வலிப்புக்கு டாக்டர்கள் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 20 வரை. கிலோவுக்கு 10 என்று வைத்தாலே என் மகனுக்கு நாளைக்கு 200. ஒரு பாட்டில் மூன்று நாள். மாதத்துக்குப் பத்து பாட்டில். நான் பேக்கரியில் வேலை செய்கிறேன்.

கடை பாட்டில் தரும் 20 மில்லிகிராம் அவன் வலிப்புக்கு ஒன்றும் செய்யாது. அதைக் கொடுத்துவிட்டு, "கொடுத்தும் பலனில்லை" என்று நினைத்துக் கைவிட்ட பெற்றோர் எத்தனை பேரோ.

வேண்டிய அளவுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். குழந்தை நரம்பியல் டாக்டரைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருந்தோம். அவர் நல்லவர். "எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் மருத்துவமனை இதற்குப் பணம் தராது, உங்களால் வாங்க முடியுமா?" என்றுதான் கேட்டார். இங்கே ஆறு பேரில் ஒருவருக்குத்தான் மெடிக்கல் எய்ட் இருக்கிறது. இருப்பவர்களுக்கும் இதைக் கட்ட மாட்டேன் என்கிறார்கள்.

இந்த நாட்டில் உரிமம் வாங்கிப் பண்ணை பண்ணையாக விளைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாட்டு நோயாளிக்குப் போகிறது. என் மகன் இங்கே ஹெல்மெட்டோடு நடக்கிறான். இதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.


முருகு_மருந்துக்கடை
திங்கள், மதியம் 2.10

தம்பி, ஒரு விஷயம் முக்கியம். மகன் குளோபசாம் சாப்பிடுகிறானா? சி.பி.டி. அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், பிள்ளை மயங்கிக் கிடப்பான். வால்ப்ரோயேட் என்றால் கல்லீரல் ரத்தப் பரிசோதனை வேண்டும். டாக்டருக்குத் தெரியாமல் ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் மனதுக்கு. கல்கத்தாவில் ஓ ஷாக்னெசி என்ற டாக்டர் பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் வலிப்புக்கு இந்தச் செடியின் சாற்றைக் கொடுத்துப் பலன் கண்டதாக 1839 வாக்கில் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் கேட்பது புதுப் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை.


சட்டக்கோப்பு
திங்கள், மாலை 6.40

மல்லி, "நான் செய்தது குற்றமா" என்று கேட்டீர்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

2018 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் பிரின்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி சோண்டோ எழுதினார். வயது வந்தவர் தனிப்பட்ட இடத்தில், தன் சொந்தத் தேவைக்கு டாகா வளர்ப்பதும் வைத்திருப்பதும் உபயோகிப்பதும் குற்றமாகாது. வழக்கைப் போட்ட கேரத் பிரின்ஸ் சட்டம் படித்த ராஸ்தாஃபாரியர், டாகாவைப் புனிதமாகக் கருதும் மதத்தவர். 2002இல் இதே நீதிமன்றத்தில் தோற்றுப்போய், பதினாறு வருடம் கழித்து ஜெயித்தார். தீர்ப்பின் அடிப்படை அந்தரங்க உரிமை. உங்கள் வீட்டுக்குள் நீங்கள் செய்வதை அரசாங்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நோயாளிக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. விற்பது அப்போதும் குற்றம், இப்போதும் குற்றம். 650 ராண்டுக்கு விற்றவர் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார். அம்மா தன் வீட்டில் வைத்து உபயோகித்ததற்காக யாரும் அவரைப் பிடிக்கப் போவதில்லை.

அப்புறம் 2024 மே 28 அன்று, தேர்தலுக்கு முந்தின நாள், அதிபர் ரமபோசா தனிப்பட்ட உபயோகத்துக்கான டாகா சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தோடு ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துவிடாது, விதிமுறைகள் வர வேண்டும். பணம் வாங்காமல் ஒரு பெரியவர் இன்னொரு பெரியவருக்குக் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. டாக்டர் பரிந்துரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதைப் பற்றி அதில் இருக்கிறது, மற்றபடி மருந்து என்பது மருந்துச் சட்டத்தின் பாடுதான்.

நாடாளுமன்றத்தில் நோயாளிக்காகப் பேசியவர் ஒருவர் இருந்தார். மாரியோ ஓரியானி அம்ப்ரோசினி, இன்காதா கட்சி உறுப்பினர். நுரையீரல் புற்றுநோயோடு 2014 பிப்ரவரியில் சபையில் எழுந்து நின்று, தானே டாகா எடுத்துக்கொள்வதைச் சொல்லி, மருத்துவப் புத்தாக்க மசோதா கொண்டுவந்தார். ஆகஸ்டில் இறந்துபோனார். மசோதா சட்டமாகவில்லை.

வளர்த்துக்கொள்ளலாம் என்பது யாருக்கு உதவும்? நிலம் இருப்பவருக்கு, உடம்பில் தெம்பு இருப்பவருக்கு. இன்னொருவர் வீட்டு அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கும், கீமோ எடுக்கும் 67 வயது அம்மா செடி வைத்து, பூ பறித்து, எண்ணெய் காய்ச்சி, அதில் எத்தனை மில்லிகிராம் என்று எப்படி அளப்பார்? கைது செய்ய மாட்டார்கள் என்பது வேறு, வைத்தியம் கிடைக்கும் என்பது வேறு. நமக்கு முதலாவது கிடைத்ததும் எல்லாம் கிடைத்ததாக நினைத்துக்கொண்டோம்.


டோங்காட்_வாத்தியார்
திங்கள், இரவு 9.00

பிள்ளைகளே, எனக்கு 78 வயது. பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

மல்லி, கோயில் ஆட்களிடம் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தாய் அம்மா. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் மதராஸிலிருந்து டர்பனில் வந்து இறங்கினார்கள். பத்தே வருடத்தில், 1870இல், இங்கே அப்போது இருந்த நேட்டால் காலனி அரசு ஒரு சட்டம் போட்டது. கூலிகள் இந்தச் செடியைப் புகைக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவும் கொடுக்கவும் கூடாது. நாடு முழுவதும் தடை வந்தது 1922இல். அதற்கு ஐம்பது வருடம் முன்பே தோட்டத்தில் நின்ற நம் மீதுதான் முதலில் போட்டார்கள். கரும்பு வெட்டுகிறவன் சோம்பிப் போவான், எஜமானனுக்கு வேலை கெடும் என்பதுதான் அவர்கள் கவலை. மூன்று தலைமுறை அதற்குப் பயந்து பயந்து, கடைசியில் அது நம்முடைய ஒழுக்கமாகவே ஆகிவிட்டது.

எங்கள் ஆயா முழங்கால் வலிக்கு அந்த இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, பழைய வேட்டித் துணியில் வைத்துக் கட்டுவார். யாராவது வந்தால் வேப்பிலை என்பார். மணத்தை வைத்து எனக்குத் தெரியும், நானும் வேப்பிலை என்றே சொல்வேன். ஆறு வயதில் நான் கற்ற முதல் பொய் அதுதான்.

ஆனால் ஒன்று. சித்த வைத்தியத்தில் கஞ்சாவைச் சுத்தி செய்யாமல் கொடுக்க மாட்டார்கள். எந்த நோய்க்கு, எதோடு சேர்த்து, எவ்வளவு எடை என்று கணக்கு உண்டு. பாட்டிலில் இலை படம் வரைந்து ஒட்டுவது நம் முன்னோர் வழி என்று யாராவது சொன்னால் நம்பாதே.


சேகர்_இசிபிங்கோ
திங்கள், இரவு 11.25

எழுதுகிறேன் என்றேன், எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் மகன். பதினைந்து வயதில் ஆரம்பித்தான். பதினெட்டில் டிவியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். சுவிட்ச் பலகைகளைக் கழற்றிப் போட்டான். தூக்கம் வரும், நெர்வ்ஸ் அடங்கும், இது மூலிகைதான் சித்தப்பா, மாத்திரைதான் விஷம் என்று என்னிடமே வாதாடினான். மனநல வார்டில் இரண்டு தடவை சேர்த்தோம். இருபத்து மூன்று வயதில் போய்விட்டான். எப்படி என்று கேட்காதீர்கள்.

எல்லோருக்கும் அப்படி ஆகாது என்று தெரியும். அண்ணியின் அண்ணன் வீட்டுப் பக்கம் ஒருவருக்கு அந்த மனநோய் இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆனால் இங்கே சட்டம், உரிமை என்று பேசும்போது எங்கள் பிள்ளை கணக்கில் வருவதில்லை. அதனால்தான் மல்லியிடம் அப்படிச் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை தங்கச்சி.


இரவுப்பணி_சிஸ்டர்
செவ்வாய், அதிகாலை 4.00

சேகர் அண்ணா, உங்கள் பிள்ளையும் கணக்கில் வர வேண்டியவர்தான். வளரும் வயதில், அதுவும் குடும்பத்தில் மனநோய் இருந்தால், டி.எச்.சி. அதிகமான டாகா ஆபத்தானது. இதில் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பாருங்கள், அவருக்கும் ஆரம்பத்தில் தூக்கம் வரவில்லை, படபடப்பு. அதற்கு எந்த கிளினிக்கில் அவரை உட்கார வைத்துப் பேசினார்கள்? பதினைந்து வயதில் அவர் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். மல்லியும் அதைத்தான் செய்தாள். எங்கள் கதவு திறக்காத இடத்தில் ஜனங்கள் வேறு கதவைத் தட்டுகிறார்கள்.

எங்கள் வார்டில் இன்னொன்றும் பார்க்கிறேன். மார்ஃபின் சிரப் அரசு மருத்துவமனையில் இருக்கிறது, காசு கிடையாது. அதை வாங்க மறுக்கிறார்கள். "அது சாகப் போறவங்களுக்குக் கொடுக்கிறது சிஸ்டர்" என்று சொல்லி, வலியில் துடிக்கும் அப்பாவுக்கு வெளியிலிருந்து 800, 900 ராண்ட் எண்ணெய் வாங்கி வருகிறார்கள். மார்ஃபின் நாளைக்கே உயிரை எடுக்கும் மருந்து இல்லை. சரியான அளவில் கொடுத்தால் மனிதர் எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளையிடம் பேசுவார். இதையும் யாராவது தமிழில் சொல்ல வேண்டும், அதனால் இங்கே சொல்கிறேன்.


கோல்_போர்ட்லூயி
செவ்வாய், காலை 11.45

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதை காந்தியா என்பார்கள். சட்டம் மிகக் கடுமை. 1999 பிப்ரவரியில் பாடகர் காயா ஒரு கச்சேரியில் புகைத்ததற்காகப் பிடிபட்டு, போலீஸ் காவலில் இறந்தார். ஊரே பற்றி எரிந்தது. இன்றும் ஒரு செடி வைத்தாலும் குற்றம்தான். அந்த விஷயத்தில் நீங்கள் எங்களைவிட எவ்வளவோ முன்னால் இருக்கிறீர்கள்.

ஆனால் மருந்து என்று வரும்போது எங்கள் ஊரில் வேறு மாதிரி செய்தார்கள். 2022இல் சட்டத்தைத் திருத்தி, அரசு மருத்துவமனைக்கு உள்ளேயே வழி வைத்தார்கள். நிபுணர் பரிந்துரைப்பார், மருத்துவமனையில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அது ஒப்புக்கொண்டால் மருத்துவமனை மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். வாசல் ரொம்பக் குறுகல், சில நோய்களுக்கு மட்டும். ஆனாலும் அந்த வாசல் ஏழை நோயாளி ஏற்கெனவே நிற்கும் வரிசையில் இருக்கிறது. உங்கள் இழையைப் படித்தபோது எனக்குப் பட்டது அதுதான்.


அப்பா_ஃபீனிக்ஸ்
செவ்வாய், மாலை 5.20

அப்படியென்றால் நாங்கள் கேஸ் போட முடியாதா? அரசியலமைப்பின் 27ஆம் பிரிவில் மருத்துவ வசதி பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தார்களே.


சட்டக்கோப்பு
செவ்வாய், இரவு 8.30

போடலாம் அண்ணா. ஆனால் முன்னால் நடந்த இரண்டு வழக்கையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ஒன்று நம் ஆள் வழக்கு. தியாகராஜ் சூப்ரமணி, டர்பன்காரர், 41 வயது. சர்க்கரை நோய், இருதய நோய், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தனியாரிடம் டயாலிசிஸ் செய்து பணமெல்லாம் தீர்ந்த பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனார். இயந்திரங்கள் குறைவு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்குத்தான் முதலிடம் என்று மறுத்துவிட்டார்கள். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 1997 நவம்பரில் தோற்றார். இருக்கும் வசதிக்கு உட்பட்டுத்தான் இந்த உரிமை, பங்கீட்டை நியாயமாக முடிவு செய்திருந்தால் நாங்கள் தலையிட மாட்டோம் என்றது நீதிமன்றம். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் உயிரோடு இல்லை. சட்டம் படிக்கும் எல்லோரும் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று 2002. எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தை மாகாணத்துக்கு இரண்டு என்று பதினெட்டு இடங்களில் மட்டும் வைத்திருந்தார்கள். ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் என்ற, மருந்து கிடைக்கப் போராடும் அமைப்பு வழக்குப் போட்டது. அதே நீதிமன்றம், அதே 27ஆம் பிரிவு. ஜெயித்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, மற்ற அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்க வழி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அங்கே மருந்து சுலபமானது, பலன் நிரூபணமானது. தெருவில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். ஒவ்வொரு தாயின் கதையும் எழுத்தில் பதிவாகி இருந்தது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மகன் எத்தனை தடவை விழுகிறான் என்று நோட்டில் எழுதுகிறீர்களா? டாக்டர் "பணம் தர மாட்டார்கள்" என்று வாயால் சொன்னார். அதை மருத்துவமனையிடம் எழுத்தில் கேளுங்கள். மறுப்பு எழுத்தில் வந்தால்தான் வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். எங்கள் அலுவலகத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். தனிச்செய்தியில் வாருங்கள்.


அப்பா_ஃபீனிக்ஸ்
செவ்வாய், இரவு 8.55

நோட்டு இருக்கிறது. மூன்று வருடமும் எழுதி வைத்திருக்கிறாள் என் மனைவி. ஐந்து நோட்டு. தனிச்செய்தி அனுப்பிவிட்டேன்.


மல்லி_சாட்ஸ்வர்த்
அடுத்த வெள்ளி, மாலை 7.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவின் கீமோ. சிஸ்டர் சொன்ன மாதிரி பாட்டிலைக் கைப்பையில் எடுத்துப் போனேன். அதிகாலை ஐந்தரைக்கே வரிசை, டாக்டர் அறைக்குள் போகும்போது பதினொன்றரை. கை நடுங்கியது. மேசை மேல் வைத்து, "இதைக் கொடுத்தேன் டாக்டர், இப்படி ஆனது" என்று சொல்லிவிட்டேன். இளம் டாக்டர், சுலு பெண். திட்டவில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்சாங்கு" என்று மெதுவாகச் சொன்னார், டாகாவுக்கு சுலுவில் அதுதான் பெயர். பிறகு என்னிடம், "என் பாட்டியும் இதை நம்புகிறார், ஆனால் இதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

ஒலான்சபின் பற்றிக் கேட்டேன். ஒரு நொடி யோசித்து, கோப்பைப் புரட்டி, மெட்டோகுளோப்ரமைடை அடித்துவிட்டு அதை எழுதினார். மருத்துவமனை மருந்தகத்திலேயே இருந்தது. காசு கேட்கவில்லை.

21ஆம் பிரிவு பற்றியும் கேட்டேன். அவர் இதுவரை ஒன்றுகூடப் போட்டதில்லையாம். இந்த மாத்திரை இரண்டு சுற்று பார்ப்போம், போதவில்லை என்றால் படிவத்தை நீ அச்செடுத்து வா, அம்மாவின் விவரத்தை நீயே நிரப்பி வைத்தால் என் பகுதியை நான் எழுதுகிறேன் என்றார். வாங்கக் காசு இருக்கிறதா என்பது அதற்கு அப்புறம். முருகு அண்ணா, எந்தப் படிவம், எங்கே எடுப்பது என்று கொஞ்சம் சொல்லுங்கள். எதற்கும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வேப்பிலை என்று சொன்ன இடத்தில் சிரித்துவிட்டார். அவர் பாட்டியும் அதையேதான் சொல்வாராம்.

இன்று மறுநாள். காலையில் அரை இட்லி, மதியம் கொஞ்சம் மோர். இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இப்போது தூங்குகிறார். சேகர் அண்ணா, பாட்டில் டாக்டரிடமே இருக்கிறது, நான் திரும்பக் கேட்கவில்லை.